செனட் சபையிலிருந்து நாடாண்ட அம்மையார்



மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் முதியவர் ஒருவரிடம் சிறிமா என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் நினைவுக்கு முதலில் வருவது ஒரு பெண்மணியின் முகமாக இராது. ஓர் ஒப்பந்தமே வரும். எங்கள் சின்னம்மா குடும்பம் சிறிமா ஒப்பந்தத்தில் போனது, பக்கத்து லயத்தில் ஏழு வீடு அந்த ஒப்பந்தத்தில் காலியானது என்று கணக்குச் சொல்லத் தொடங்குவார். ஓர் ஆளின் பெயர் ஒரு பிரிவின் பெயராகவே நம் மக்களிடையே நிலைத்துவிட்டது.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு நினைவும் உண்டு. பங்குப் பாடசாலை பறிபோன கதை அது. தாத்தாவோ பாட்டியோ அதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

இவ்விரண்டும் நிகழ்ந்த காலத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் இந்நாட்டின் பிரதமராயிருந்தார். ஆனால் அப்போது அவர் எந்தத் தொகுதியின் மக்களும் வாக்களித்துத் தெரிந்தெடுத்த உறுப்பினராக இருக்கவில்லை. 1960 முதல் 1965 வரை செனட் சபை என்னும் மேற்சபையின் உறுப்பினராக அமர்ந்தே அவர் நாட்டை ஆண்டார். அப்படி ஒரு சபை இருந்ததே இன்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகையால் இவ்வாரம் அந்த அம்மையாரின் வாழ்வையும் அச்சபையின் கதையையும் சேர்த்தே பார்ப்போம். நம்மை நோகச் செய்தவர்களின் வரலாற்றையும் நேர்மையாகப் படிப்பது நமக்குத் தகும்.

ரத்வத்தை என்னும் குடும்பப் பெயர் மாத்தளை மாவட்டத்தாருக்குப் புதிதன்று. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டபோது உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் மாத்தளைத் திசாவையாக இருந்த ரத்வத்தையும் ஒருவர். அந்த வழியில் வந்த பார்ன்ஸ் ரத்வத்தையின் மூத்த மகளாக, 1916 ஏப்ரல் 17ஆம் நாள், இரத்தினபுரியில் சிறிமாவோ பிறந்தார். தாயார் ஆயுர்வேத வைத்தியம் அறிந்தவர். பின்னால் நான்கு தம்பியரும் ஒரு தங்கையும்.

பெரிய வளவிலே பௌத்த ஆசாரத்தோடு வளர்ந்த அந்தச் சிறுமியைப் பெற்றோர் எட்டு வயதில் எங்கே அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொழும்பில் நல்லாயன் சபைக் கன்னியர் நடத்திய புனித பிரிஜெட் கன்னியர் மடப் பாடசாலைக்குத்தான். விடுதியில் தங்கிப் படித்தார். கன்னியரின் ஒழுங்கும் ஆங்கிலக் கல்வியும் பெற்றார்; மதம் மாறவில்லை, மாற்றப்படவும் இல்லை. கடைசிவரை பௌத்தராகவே வாழ்ந்தார். கத்தோலிக்கப் பாடசாலைகள் பிற சமயப் பிள்ளைகளைப் பிடித்து மதம் மாற்றும் கூடங்கள் என்று பிற்காலத்தில் மேடைகளில் முழங்கியவர்களுக்கு, அவர்களுடைய தலைவியின் வாழ்க்கையே ஒரு மறுப்பாக இருந்தது. அதை அப்போது எத்தனைபேர் எண்ணிப் பார்த்தார்களோ, நாமறியோம்.

1940 ஒக்டோபர் 2ஆம் நாள் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை மணந்தார். நாடே பேசிய திருமணம் அது. சுனேத்திரா, சந்திரிகா, அனுரா என மூன்று பிள்ளைகள் பிறந்தனர். கணவர் அரசியலில் ஏறிக்கொண்டிருக்க, மனைவி லங்கா மகிளா சமிதி என்னும் கிராமப் பெண்கள் சங்கத்தில் உழைத்தார். அச்சங்கத்தை 1930இல் தொடங்கியவர், தமிழர் ஒருவரை மணந்து இலங்கையில் குடியேறிய கனடா நாட்டு வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார் என்பதை இங்கே குறிப்பிடத்தான் வேண்டும். கிராமங்களில் பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைத்தொழில், குடும்ப நலம் என்று பெண்களோடு பெண்ணாக இருந்து வேலைசெய்த அந்தப் பதினெட்டு இருபது ஆண்டுகள்தான் சிறிமாவோவின் உண்மையான அரசியற் கல்லூரி. சமையலறையிலிருந்து நேரே பிரதமர் நாற்காலிக்கு வந்தவர் என்று அவரைக் கேலிசெய்தவர்கள் இதை மறைத்துவிட்டார்கள்.

1956இல் கணவர் பிரதமரானார். தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957இல் தந்தை செல்வநாயகத்தோடு ஒப்பந்தம், 1958இல் அது கிழிபட்டது, அடுத்து இரத்தக்களரி. இவை நீங்கள் அறிந்தவையே. 1959 செப்டெம்பர் 25ஆம் நாள் காலை, றோஸ்மீட் பிளேஸ் இல்லத்தில், காவியுடை தரித்த ஒருவன் பண்டாரநாயக்கவைச் சுட்டான். மறுநாள் அவர் இறந்தார். நாற்பத்து மூன்று வயதில், மூன்று பிள்ளைகளோடு சிறிமாவோ விதவையானார்.

இனி செனட் சபைக்கு வருவோம். சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இல் இலங்கைக்கு இரண்டு சபைகள் கிடைத்தன. மக்கள் வாக்களித்துத் தெரிந்தது பிரதிநிதிகள் சபை. மற்றது செனட் சபை. அதிலே முப்பது பேர். பதினைந்து பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்யும். மற்றப் பதினைந்து பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிப்பார். ஆறாண்டுப் பதவி. இரண்டு ஆண்டுக்கொருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகுவர். முப்பத்தைந்து வயதாகாதவர் அங்கே அமர முடியாது. நீதி அமைச்சர் கட்டாயமாக அந்தச் சபையிலிருந்துதான் வரவேண்டும். கொழும்புக் கோட்டையில் இன்று வெளிவிவகார அமைச்சு இயங்கும் அந்தத் தூண்கள் நிறைந்த கட்டடத்திலேதான் அச்சபை கூடியது.

எதற்காக இந்தச் சபை? கீழ்ச்சபை அவசரத்தில் செய்வதை மேற்சபை ஆறுதலாக ஆராயும், பெரும்பான்மைப் பலத்தால் சிறுபான்மையினர் நசுக்கப்படாமல் பார்க்கும் என்பதே எதிர்பார்ப்பு. தேர்தலில் நிற்க மனமில்லாத அறிஞர்களும் அங்கே வரலாம். அப்புகாத்து எஸ். நடேசன், வைத்தியர் நாகநாதன் போன்ற தமிழர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். ஆயினும் அச்சபையின் கையில் பலம் குறைவு. பண மசோதாவை ஒரு மாதத்துக்குமேல் தடுத்துவைக்க முடியாது. மற்ற மசோதாக்களையும் தாமதிக்கலாமே ஒழிய நிறுத்த முடியாது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த நம் மக்களை நாடற்றவராக்கியபோது செனட் சபை அதைத் தடுத்ததா? இல்லை. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. காவலுக்கு வைத்த வேலி முதல் மழையிலேயே சாய்ந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

1960 மார்ச்சில் நடந்த தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. யூலையில் மறுபடியும் தேர்தல். அதற்குள் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் தலைமை சிறிமாவோவிடம் வந்திருந்தது. ஊர் ஊராகச் சென்றார். இறந்த கணவரின் ஒலிப்பதிவுகளை மக்கள் கேட்டு அழுதார்கள். ஆனால் தாம் எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. யூலை 20இல் நடந்த தேர்தலில் கட்சி 75 ஆசனங்களை வென்றது. மறுநாளே அம்மையார் பிரதமராகப் பதவியேற்றார். உலகத்திலேயே ஒரு பெண் பிரதமரானது அதுவே முதற் தடவை. தேர்தலில் நில்லாத அவருக்குச் சட்டசபையில் ஓர் இடம் வேண்டுமல்லவா? செனட் சபையில் நியமன இடம் ஒன்று கொடுக்கப்பட்டது.

இது சட்டப்படி சரியே. ஆனாலும் சற்று யோசியுங்கள். அறிஞர்களும் சிறுபான்மையினரும் அமர்ந்து அரசாங்கத்தை நிதானப்படுத்தட்டும் என்று அமைத்த சபை, இப்போது அரசாங்கத்தின் தலைமைப் பீடமாகிவிட்டது! பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அம்மையாரின் பொறுப்பில். கீழ்ச்சபையிலே நாளாந்த வாக்குவாதங்களை சி. பி. டி சில்வாவும் இளைஞரான பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் சமாளித்தார்கள்.

முதலில் வந்தது பாடசாலைப் பிரச்சினை. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் கொண்டுவந்த 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, அரசாங்க நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் டிசெம்பர் 1 முதல் பொறுப்பேற்றது. நாடெங்கும் 2,000க்கும் மேற்பட்ட பாடசாலைகள்! சமயச் சபைகளின் பாடசாலைகள் எல்லாவற்றையும் அது தொட்டதென்றாலும், மிகுந்த அடி நமக்குத்தான். நகரங்களிலிருந்த பெரிய பாடசாலைகள் சில, அரசாங்கப் பணமும் வேண்டாம், பிள்ளைகளிடம் கட்டணமும் வாங்கோம் என்று தனித்து நின்றன. அவை எப்படிப் பிழைத்தன? பெற்றோர் கொடுத்த காசில், களியாட்ட விழாக்களில், சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட ஆசிரியர்களின் தியாகத்தில். அந்த ஆண்டுகளின் பாரத்தைக் கன்னியர் மடங்கள் நன்றாக அறியும்.

சிறிய பங்குகளுக்கு அந்த வழியும் இல்லை. டிசெம்பரிலும் ஜனவரியிலும் பெற்றோர்கள் பாய் தலையணையோடு பாடசாலைகளுக்குள் குடியேறினார்கள். தாய்மார் இரவு பகலாகச் செபமாலை சொல்லிக் காவலிருந்தார்கள். இரத்தம் சிந்தாமல் அது முடிந்ததற்கு ஆயர்களின் நிதானமும் அரசாங்கம் கடைசி நேரத்தில் காட்டிய பொறுமையும் சேர்ந்தே காரணம். 1961இல் மறு சட்டம் வந்து கட்டடங்களும் காணிகளும் அரசுடைமையாயின. தங்கள் பாட்டன்மார் கல் சுமந்து கட்டிய பாடசாலையின் வாசலில், அடுத்த தவணையில் அவர்கள் வேற்றாளாய் நின்றார்கள்.

இவ்விடத்தில் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்வோம். நம் பக்கத்திலும் குறை இருந்தது. நாட்டில் சிறு தொகையினரான கிறிஸ்தவர்களின் கையில் அவர்கள் தொகைக்கு மிஞ்சிய பாடசாலைகள் அரசாங்கப் பணத்தில் நடந்தன. பௌத்த, இந்துப் பெற்றோரின் மனக்குறையை நாம் காலத்தோடு செவிமடுக்கவில்லை. அதை ஏற்றுக்கொண்டாலும், இன்னொரு கேள்வி நிற்கிறது. ஏழைப் பிள்ளைக்கும் சமகல்வி என்று சொல்லிச் செய்த அந்த மாற்றம், ஏழையிலும் ஏழையான தோட்டத்துப் பிள்ளையை எட்டியதா? தோட்டப் பாடசாலைகள் 1970களின் பிற்பகுதியிலேதான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதுவரை ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர்.

1961 தொடக்கத்திலிருந்து சிங்களமே நிர்வாக மொழி என்பது முழுமையாக அமலாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் செய்தது, இராணுவம் அனுப்பப்பட்டது. 1962 ஜனவரியில் சில இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் அரசைக் கவிழ்க்கச் சதிசெய்து பிடிபட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதனால் ஒரு பாவமும் அறியாத கத்தோலிக்க அலுவலர்கள்மீதும் சந்தேக நிழல் விழுந்தது. 1965இல் பிரித்தானியப் பிரிவிக் கவுன்சில் அந்தத் தண்டனைகளை இரத்துச் செய்தது.

வெளியுலகில் அம்மையாரின் மதிப்போ உயர்ந்துகொண்டே போயிற்று. 1962 டிசெம்பரில், சீனாவும் இந்தியாவும் போரிட்டு ஓய்ந்த வேளை, ஆறு நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டிச் சமாதான யோசனை சொன்னார். பீக்கிங்குக்கும் டில்லிக்கும் தாமே சென்றார். சிறு நாடொன்றின் தலைவி பெரு நாடுகளிடையே தூது போனதை எண்ணி நாமும் பெருமைப்பட்டோம். அதில் தவறில்லை.

ஆனால் டில்லிக்கு அவர் மறுபடி சென்றபோது பேசப்பட்டது நம் தலையெழுத்து. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அவரும் ஒப்பமிட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். மீதி 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. காலம் பதினைந்து ஆண்டு. அந்த மிச்சக் கணக்கை 1974இல் இந்திரா காந்தி அம்மையாரோடு பேசி, 75,000 பேராகச் சரிபாதி பிரித்துக்கொண்டார்கள்.

நேரு காலத்திலிருந்து தீராதிருந்த சிக்கல் இது. மூன்று இலட்சம் பேருக்குக் குடியுரிமை என்று ஓர் இலங்கை அரசு ஒத்துக்கொண்டதும் அதுவே முதன்முறை. இந்த இரண்டையும் அம்மையாரின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். ஆயினும் பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அவர்களுக்காகப் பேச அவர்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் அந்த மேசையில் இல்லை. தெரிந்தெடுக்க அவர்களுக்கு வாக்கே கிடையாது. மறுபக்கத்தில் கையெழுத்திட்ட அம்மையாரும் வாக்காளர் இல்லாத ஆசனத்திலிருந்து வந்தவர். இந்தப் பொருத்தத்தை நினைக்குந்தோறும் எனக்கு மனம் ஒரு கணம் நின்றுவிடும்.

மாத்தளை வாசகர்களே, உங்கள் முன்னோர் வந்த வழியை நீங்கள் அறிவீர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தா கடந்து, மாத்தளையில்தான் முதன்முதல் மலைநாட்டை மிதித்தார்கள். வழியிலே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர் எண்ணற்றவர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மாத்தளையில் புகையிரதம் ஏறி, அதே மன்னார்க் கரைக்குத் திரும்பிப் போனார்கள். தலைமன்னாரில் இராமானுஜம் என்னும் கப்பல், அக்கரையில் இராமேசுவரம். தலைமன்னார்ப் பாதையில் மடு றோட் நிலையம் வரும்போது, கத்தோலிக்கர்கள் மருதமடு அன்னைக்குக் கடைசியாக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லாமலா போயிருப்பார்கள்? வஹாகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்கு ஒன்றாகப் போன குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை. 1984இல் கப்பற் சேவை நிற்கும்வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இன்றும் அவர்களைச் சிலோன்காரர் என்றே அழைக்கிறார்கள்; இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்!

ஒப்பந்தம் முடித்து வந்த ஐந்தாம் வாரத்தில் அம்மையாரின் ஆட்சி கவிழ்ந்தது. பத்திரிகைகளை அரசு கைப்பற்றும் மசோதாவால் கட்சிக்குள் பிளவு. 1964 டிசெம்பர் 3ஆம் நாள் சி. பி. டி சில்வா பதின்மூன்று பேரோடு எதிர்ப்பக்கம் சென்று அமர்ந்தார். சிம்மாசனப் பிரசங்கத்தின்மீது நடந்த வாக்கெடுப்பில் 74க்கு 73 என்று அரசாங்கம் தோற்றது. ஒரே ஒரு வாக்கு! பிரதமரின் வாக்கு இருந்திருந்தால் சமனாயிருக்கும். ஆனால் பிரதமர் செனட் சபையைச் சேர்ந்தவர்; கீழ்ச்சபையில் அவருக்கு வாக்கில்லை. எந்த ஆசனம் அவரைத் தேர்தலில் நில்லாமலே பிரதமராக்கியதோ, அந்த ஆசனமே அன்று அவர் கையைக் கட்டிப்போட்டது.

பாடம் படித்தார். 1965 மார்ச்சில் அத்தனகல்லை தொகுதியில் நின்று வென்றார். கட்சி தோற்றதால் எதிர்க்கட்சித் தலைவரானார். மேற்சபை வாழ்க்கை அதோடு முடிந்தது.

1970 மே மாதத்தில் இடதுசாரிக் கட்சிகளோடு சேர்ந்து பெருவெற்றி பெற்றுத் திரும்பினார். மறு ஆண்டு ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி; ஆயிரக்கணக்கான உயிர்ச்சேதம். அதே 1971இல், ஒக்டோபர் 2ஆம் நாள், செனட் சபை ஒழிக்கப்பட்டது. அம்மையாரின் திருமண நாளும் ஒக்டோபர் 2 என்பது தற்செயலே. தாம் ஏறிவந்த ஏணியைத் தாமே எடுத்துவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. அது முற்றிலும் நியாயமான பேச்சன்று. அந்தச் சபை இருந்தும் நமக்குப் பயனில்லை என்பதை மேலே பார்த்தோம். அதைவிடப் பெரிய இழப்பு 1972 மே 22ஆம் நாள் வந்தது. குடியரசு யாப்பிலே, எந்த இனத்தையும் சமயத்தையும் பாகுபடுத்தும் சட்டத்தைத் தடைசெய்த பழைய 29ஆம் பிரிவு காணாமற்போயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது.

காணிச் சீர்திருத்தத்தில் அம்மையார் தம் குடும்பத்தை விட்டுவைக்கவில்லை. பண்டாரநாயக்க, ரத்வத்தை காணிகளும் போயின. இது சாதாரண காரியமல்ல. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஆனால் தோட்டத்தில் வேலைசெய்த மனிதன் மட்டும் யாருடைய மனிதன் என்று தெரியாமல் நின்றான். 1973, 74 ஆண்டுகளின் பஞ்சத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மாவும் அரிசியும் இல்லாமல், கிழங்கும் கீரையும் தேடி, நகரங்களில் கையேந்தி நின்ற காலம். தோட்டங்களில் சாவு வீதம் ஏறியது.

1977 யூலையில் கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கியது. புதிய அரசு, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஆணைக்குழு வைத்து, 1980 ஒக்டோபர் 16ஆம் நாள் அவருடைய குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது. பாராளுமன்ற ஆசனம் போயிற்று. தேர்தலில் நிற்க முடியாது, வாக்களிக்கவும் முடியாது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் தம் கட்சி வேட்பாளருக்காகப் பேசக்கூட உரிமையில்லை. நாடாண்டவர், நாடற்றவரைப்போல, தேர்தல் நாளில் வீட்டிலிருந்தார். அதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சியை நான் ஒப்பமாட்டேன். ஓர் எதிரியின் வாக்குரிமையைச் சபையில் கைதூக்கிப் பறிக்கலாம் என்றால், 1949இல் நமக்குச் செய்ததும் சரி என்றாகிவிடும்.

1986 ஜனவரியில் உரிமை திரும்பியது. 1988இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று பிரேமதாசாவிடம் தோற்றார். 1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியாகி, தாயை மூன்றாம் முறை பிரதமராக்கினார். 1995 ஜனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வந்து, நம் கண்டி இராச்சியத்தின் அப்போஸ்தலரான யோசேவ் வாஸ் அடிகளைக் காலிமுகத்திடலில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியபோது, பிரதமர் பதவியில் இருந்தவர் பிரிஜெட் மடத்தின் இந்தப் பழைய மாணவியே. முன்னிருந்த அதிகாரமெல்லாம் இப்போது ஜனாதிபதியிடம். உடல் நலமும் குன்றியிருந்தது. 2000 ஓகஸ்டில் பதவி விலகினார்.

அதே ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் பொதுத் தேர்தல். எண்பத்து நான்கு வயதான அம்மையார் அத்தனகல்லை சென்று வாக்களித்தார். கொழும்புக்குத் திரும்பும் வழியில், கடவத்தையில், மாரடைப்பால் உயிர் பிரிந்தது. ஹொறகொல்லையில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அன்று காலை மலைநாட்டுத் தோட்டங்களிலும் மக்கள் வாக்களிக்க வரிசையில் நின்றார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பெற்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆனால் இன்னும் பத்திரமில்லாத பல குடும்பங்கள் அன்றும் லயத்து வாசலிலேயே இருந்தன. அவர்களுக்கான சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.